மெதுவாக ஓடினால் வைரஸ்தானா?



நம் ஜெயங்கொண்டத்தில் நம் வயதுக்காரர்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரோ, பேரன் விட்டுப்போன லேப்டாப்போ கட்டாயம் இருக்கிறது. மின்கட்டணம் கட்ட, வங்கிக் கணக்கைப் பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்று அது ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அது மெதுவாகும். உடனே வீட்டில் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "வைரஸ்!" கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான், முன்பின் தெரியாத எவனோ போன் செய்தும் சொல்கிறான்.

என் கருத்து வேறு. மெதுவாவது ஒரு விஷயம், வைரஸ் இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் நம் பணம் போகிறது, நாம் சேர்த்துவைத்த படங்கள் போகின்றன. உண்மையான வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டர் வேகமாகத்தானே ஓடுகிறது என்று இருந்துவிடுகிறோம்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். வேலை பார்த்ததெல்லாம் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில், கோப்புகளுக்கு நடுவே. கம்ப்யூட்டரைப் பிரெஞ்சில் 'ஒர்தினாத்தர்' என்பார்கள். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் இயந்திரத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் கேட்டபோது, ஜாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர் அது. 'ஒழுங்குபடுத்துபவர்' என்று பொருள். 'வைரஸ்' என்பதும் லத்தீன்தான். அதற்கு 'விஷம்' என்று அர்த்தம். நம் வீட்டு இயந்திரம் மெதுவாகும்போது நாம் விஷத்தைத் தேடுகிறோம். பத்துக்கு ஒன்பது தடவை அங்கே கெட்டுப்போயிருப்பது ஒழுங்குதான்.

மெதுவானால் வைரஸ் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்பதைத்தான் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் வைரஸ் என்கிறார்கள். அது ஃப்ளாப்பியில் ஏறிக்கொண்டால் ஃப்ளாப்பி ஓடுவது மெதுவாகும். மெமரியிலும் கொஞ்சம் குறையும். அன்றைய வைரஸ் எழுதியவர்களில் பலர் பெயருக்காகவும் விளையாட்டுக்காகவும் எழுதினார்கள். இன்று எழுதுகிறவன் பணத்துக்காகவும் தகவலுக்காகவும் எழுதுகிறான். திருட வந்தவன் தாரை தப்பட்டை அடித்துக்கொண்டு வருவானா? சத்தமில்லாமல் வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை வரவும் ஒரு வழி வைத்துவிட்டுப் போவான்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று செய்தி பரவியது. நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் அது உண்மைதான் என்று அறிவித்தது. செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் அதைக் கவனித்துத் தெரிவித்திருக்கிறது. பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர் அல்ல; நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்பு உள்ள வலைப்பின்னலில் இருந்த ஒருவருடையது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அங்கே போகவில்லை என்றார்கள். அதாவது, நம்மைப் போன்ற ஓர் அலுவலக ஊழியரின் மேசைக் கம்ப்யூட்டர். 'டிட்ராக்' என்ற அந்த வேவுக்கார நிரலைப் பற்றிய அறிவிப்பில் வேகம் குறைந்தது என்று ஒரு சொல் கிடையாது. வெளியே இருந்து ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

இரண்டாவது உதாரணம் 2017 மே 12. அன்று 'வான்னாக்ரை' என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலைகள் சிலவற்றில் உற்பத்தியை நிறுத்தினார்கள். திருமலை தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டிக்கொண்டன. இதில் வருத்தப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் அடிபட்டார்கள்.

நம் ஊரில் அப்டேட்டை ஏன் நிறுத்திவைக்கிறார்கள் தெரியுமா? "அது வந்தால் சிஸ்டம் ஸ்லோ ஆகிறது" என்றுதான். வேகத்துக்காகக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறோம். இதனால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வற்புறுத்துகிறேன்.

அப்படியானால் ஏன் மெதுவாகிறது? கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் இராசேந்திர சோழன் வெட்டிய பொன்னேரியைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஏரி தூர்ந்துபோக எதிரிப் படை வர வேண்டியதில்லை. வருடா வருடம் வண்டல் படிந்தாலே போதும். கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் அதுவே நடக்கிறது.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிராசஸர் என்பது எழுத்தர். மெமரி அவருடைய மேசை. ஹார்ட் டிஸ்க், ரெக்கார்டு ரூம். மேசை சிறியதாக இருந்தால், ஒரு கோப்பை விரிக்க இன்னொன்றை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் ரெக்கார்டு ரூமுக்கு ஆள் போய்வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் கிராமபோன் தட்டு போல ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகிறது. ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தேடுகிறது. அங்கங்கே சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் ஒரு விநாடிக்கு நூறு தடவை போய்வருவதே அதிகம். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. ஆயிரக்கணக்கான தடவை போய்வரும். எழுத்தர் அதே எழுத்தர்தான். ரெக்கார்டு ரூமை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுபோல் ஆகிவிடும்.

ஆகவே பயப்படாமல், வரிசையாகப் பாருங்கள்.

முதலில், மெதுவாக இருப்பது கம்ப்யூட்டரா, இன்டர்நெட்டா என்று பிரியுங்கள். நோட்பேடைத் திறந்து நாலு வரி தட்டுங்கள். அது சட்டென்று திறந்து, வெப்சைட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், கோளாறு உங்கள் இணைப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப் பயனில்லை.

இரண்டாவது, 'ஷட் டவுன்' செய்யாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் அடிப்படை நிலையை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுவது. மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாத கம்ப்யூட்டர்கள் இதிலேயே பாதி சரியாகிவிடும்.

மூன்றாவது, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதுதான் வருகைப் பதிவேடு. உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று காட்டும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நின்றால் ரெக்கார்டு ரூமில் நெரிசல். மெமரி தொண்ணூறைத் தாண்டினால் மேசை போதவில்லை. அதிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் கூப்பிடாமலே வந்து உட்கார்பவர்களின் பட்டியல் இருக்கும். வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யலாம். என்னவென்று தெரியாததைத் தொடாதீர்கள்.

நான்காவது, சி டிரைவ் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நம் அலுவலகங்களில் முடிந்த கோப்பை எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். நிரந்தரம் என்று பிரித்தோமே, அதே முறை இங்கும் வேண்டும். பேரன் பிறந்தநாள் படம் ஆர்.டிஸ்.; வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படத்துக்கு எல்.டிஸ். கூட அதிகம். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' இருக்கும். அதில் 'டவுன்லோட்ஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, மற்றதை அழிக்கலாம்.

ஐந்தாவது, நம் ஊருக்கே உரியது. செம்மண் புழுதியும், சிமெண்ட் லாரி கிளப்பும் தூசியும் மின்விசிறி வழியாக உள்ளே போய் அப்பிக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆன்டி வைரஸ் வாங்கிப் போடுவது, வெயிலில் மயங்கியவருக்கு வேப்பிலை அடிப்பது போலத்தான். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவதும் அதன் மூக்கைப் பொத்துவது மாதிரி.

இதையெல்லாம் பார்த்த பிறகு வைரஸ் சோதனை. வேகம் நன்றாக இருந்தாலும் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. விண்டோஸுடன் 'டிஃபெண்டர்' என்ற ஆன்டி வைரஸ் இலவசமாகவே வருகிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' போய், 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பாருங்கள். முதலில் 'ஃபுல் ஸ்கேன்'. அதற்கு மணிக்கணக்காகும், சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுங்கள். பிறகு 'ஆஃப்லைன் ஸ்கேன்'. இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஏறக்குறைய கால் மணி நேரம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதற்குமேல் சந்தேகம் இருந்தால், செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள். பாதுகாப்புக்காக என்று இரண்டு ஆன்டி வைரஸைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் அதிலேயே மெதுவாகும்.

வைரஸ் கம்ப்யூட்டரை மெதுவாக்கவே ஆக்காதா என்று கேட்பீர்கள். ஆக்கும் வகையும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி கிரிப்டோ காசு தேடும் நிரல்கள் சி.பி.யு.வைப் பிழிந்துவிடும். நீங்கள் எதையும் திறக்காமல் சும்மா வைத்திருக்கும்போதும் மின்விசிறி இரைந்து, சி.பி.யு. நீண்ட நேரம் எண்பது, தொண்ணூறிலேயே நின்றால் சந்தேகப்படலாம். ஆனால் வேகத்தைவிட நம்பகமான அறிகுறிகள் வேறு: ஆன்டி வைரஸ் தானாக அணைந்து மறுபடி போட முடியாமல் இருப்பது, நீங்கள் அனுப்பாத மெயில் நண்பர்களுக்குப் போவது, பிரவுசரின் முதல் பக்கம் தானே மாறுவது, கோப்புகளின் பெயர் மாறித் திறக்காமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

இனி, பயத்தை விற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி எட்டிப்பார்க்கிறதா? பெரும்பாலும் அது ஏதோ ஒரு வெப்சைட் கேட்டபோது நாம் 'அலோ' என்று தட்டியதால் வரும் விளம்பரம். பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஊதி, ஒரு போன் நம்பர் வந்தால் அது மோசடிதான். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் இருப்பதே இல்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.

இந்த மாதிரி பயமுறுத்தி வெளிநாட்டு முதியவர்களிடம் பணம் பறிக்கும் கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே இருந்தன என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரும் சேர்ந்துதான் 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை நடத்தியது. அங்கே ஆங்கிலத்தில் பேசியவன் இங்கே தமிழில் பேச எவ்வளவு நேரம் ஆகும்? "சரிசெய்து தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள். அதை வைத்து நம் திரையைத் தூரத்திலிருந்தே இயக்கலாம். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்த விஷயம் இது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவி இறந்த அடுத்த வருடம் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணிட்டேன்" என்று திருப்பித் தந்தார்கள். அதில் அந்த அம்மாவின் பதினோரு வருடத்துப் படங்கள் இருந்தன. நகல் இல்லை. ஒரு மாதத்தில் கம்ப்யூட்டர் மறுபடி மெதுவானது. வேறொருவர் திறந்து பார்த்துப் பழைய ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்றார். இல்லாத வைரஸுக்காக இருந்த படங்கள் போயின. அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. "இனிமே போட்டோ எடுக்கவா போறேன்" என்றார்.

ஆகவே கடையில் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, "வைரஸ் என்றால் அதன் பெயர் என்ன? திரையில் காட்டுங்கள்." ஆன்டி வைரஸ் எதைப் பிடித்தாலும் ஒரு பெயர் சொல்லும். ஆதாரம் இல்லாமல் கோப்பில் குறிப்பு எழுத நம்மை விட்டிருப்பார்களா? இரண்டு, "ஃபார்மேட் செய்யும் முன் என் படங்களும் கோப்புகளும் எங்கே நகலெடுத்து வைக்கப்படும்?" மூன்று, "டிஸ்க், மெமரி, சூடு மூன்றையும் பார்த்தீர்களா?" இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லும் கடைக்குப் போங்கள். நல்ல தொழிலாளி கேள்வியை மதிப்பார்.

நகலைப் பொறுத்தவரை கடையை நம்பி இருக்கவும் வேண்டாம். ஒரு வெளி டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். நம்மிடம் உள்ள பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று கேட்கும். அதற்காக ஓய்வூதியத்தில் புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். 2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பிரான்சில் 'ஜாந்தார்மெரி' என்ற காவல் படை 2008 முதல் பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியிருக்கிறது. போலீஸ் வேலைக்குப் போதுமானது, நமக்கு மெயில் பார்க்கவும் தமிழில் நாலு வரி எழுதவும் போதாதா?

நாமும்தான் முன்னைவிட மெதுவாக நடக்கிறோம். அதற்காக யாராவது நம்மை ஃபார்மேட் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? கம்ப்யூட்டர் மெதுவானால் அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள். வேகமாக ஓடினாலும் இந்த வாரம் ஒரு ஃபுல் ஸ்கேன் போடுங்கள், படங்களுக்கு ஒரு நகல் எடுங்கள். இரண்டும் நாமே செய்யக்கூடியவை. யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.